நான்கில் ஒரு பள்ளி: சியாட்டில் பெற்றோர் போட்ட கணக்கு

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில், 2024 செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சில நாட்களிலேயே இரண்டு பட்டியல்கள் வெளியாயின. ஒன்றில் 21 பள்ளிகளின் பெயர்கள், இன்னொன்றில் 17. இவ்விரண்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, அடுத்த கல்வியாண்டு முதல் அந்தப் பள்ளிகளை மூடி, மாணவர்களை அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் சேர்ப்பது என்பது திட்டம். நகரில் அப்போது இருந்த தொடக்க நிலைப் பள்ளிகள் எழுபதுக்குச் சற்று அதிகம். அதாவது, நான்கில் ஒன்று போய்விடும். ஐந்து வயதுக் குழந்தையை முதன்முதலாகக் கைப்பிடித்து அழைத்துச் சென்று வகுப்பில் விட்டுவந்த பெற்றோர் பலர், அதே மாதத்தில் அந்தப் பள்ளியின் பெயரை மூடல் பட்டியலில் படித்தார்கள்.

மூன்று மாதம் முடிவதற்குள் அந்தத் திட்டம் முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்டது. ஒரு பள்ளிகூட மூடப்படவில்லை.

அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிகளை மறுசீரமைக்கும் முயற்சியும் அதற்கு ஊர் காட்டும் எதிர்ப்பும் ஆண்டுதோறும் எங்காவது நடந்துகொண்டிருக்கின்றன. செய்திகளில் இது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது: நிர்வாகத்திடம் கணக்கு இருக்கிறது, பெற்றோரிடம் கண்ணீர் இருக்கிறது. சியாட்டிலில் நடந்ததைக் கவனித்தால் இந்தச் சித்திரம் நிற்காது. அங்கே கணக்கைக் கடைசிவரை விடாமல் கேட்டவர்கள் பெற்றோர்கள்தாம். அமெரிக்கப் பள்ளி நிர்வாகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் இது விளங்க வேண்டும் என்பதால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளி மாவட்டம் என்பது என்ன?

நம் ஊரில் மாவட்டம் என்றதும் ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். அமெரிக்கப் பள்ளி மாவட்டம் வேறு. அது பள்ளிகளை நடத்துவதற்கென்றே உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு. நகராட்சியின் ஒரு துறையாக அது பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கென்று எல்லை, வரி, பட்ஜெட், தேர்தல் எல்லாம் தனி. சியாட்டில் பள்ளி மாவட்டத்தின் வாரியத்தில் 7 உறுப்பினர்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். சம்பளம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. படியாக ஆண்டுக்கு அதிகபட்சம் 4,800 டாலர் வாங்கலாம். ஏறத்தாழ 125 கோடி டாலர் ஆண்டு பட்ஜெட்டை மேற்பார்வை செய்வது இந்த 7 பேரின் வேலை.

வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. அன்றாட நிர்வாகம் அவர் கையில். திட்டத்தை வகுப்பது அவர், ஏற்பதும் மறுப்பதும் வாரியம். 2024-இல் சியாட்டிலின் கண்காணிப்பாளராக இருந்தவர் பிரெண்ட் ஜோன்ஸ். இந்த அதிகாரப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூடல் திட்டத்தை எதிர்ப்பவர்கள் யாரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்பது இதனால்தான் புரியும். கண்காணிப்பாளர் அதிகாரி. வாரிய உறுப்பினருக்கோ அடுத்த தேர்தலில் வாக்கு வேண்டும்.

குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்குள் வீடு இருந்தால் அந்தப் பள்ளி. இதனால் ஒரு தெருவின் குழந்தைகள் சேர்ந்து நடந்து போய்ச் சேர்ந்தே திரும்புகிறார்கள். வேலைக்குப் போகும் தாய் தாமதமானால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு குழந்தைகளையும் அழைத்து வந்துவிடுவார். அமெரிக்க நகர வாழ்வில் அக்கம்பக்கம் என்ற ஒன்று மிச்சமிருக்கும் சில இடங்களில் தொடக்கப் பள்ளியின் வாசலும் ஒன்று. எல்லைக்கோட்டை நகர்த்துகிறோம் என்று மாவட்டம் சொல்லும்போது அந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன.

மறுசீரமைப்பு என்ற பெயரில் நடப்பவை

நேரடியாக மூடுவது ஒரு வகை. இரண்டு சிறிய பள்ளிகளை ஒரே கட்டடத்துக்குள் இணைப்பது இன்னொரு வகை. மூன்றாவது, வகுப்புகளைப் பிரித்து அடுக்குவது: பக்கத்துப் பக்கத்து இரண்டு பள்ளிகளில் ஒன்றில் மழலை வகுப்பு முதல் 2 வரை, மற்றதில் 3 முதல் 5 வரை என்று மாற்றிவிடுவார்கள். இதில் கட்டடம் எதுவும் மூடப்படாது. ஆனால் ஏழு வயது அக்காவும் ஐந்து வயதுத் தம்பியும் இன்று ஒரே பள்ளியில் இருந்தாலும், அடுத்த ஆண்டு வேறு வேறு பள்ளிகளில் இருப்பார்கள். எல்லைக்கோடுகளை மட்டும் மாற்றுவதும் உண்டு. மழலை வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரே கூரையின் கீழ் நடக்கும் பள்ளிகளைக் கலைத்து, தொடக்கப் பள்ளி தனி, நடுநிலைப் பள்ளி தனி என்று ஆக்குவதும் உண்டு. சியாட்டிலின் 21 பள்ளிப் பட்டியலில் இந்தக் கடைசி வகைப் பள்ளிகள் கணிசமாக இருந்தன.

சியாட்டில் நிர்வாகம் தன் திட்டத்தை மூடல் என்று அழைக்கவில்லை. எல்லா வளங்களும் கொண்ட பள்ளிகளின் அமைப்பை உருவாக்குவதாகவே அறிவித்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள், ஓவியம், இசை, உடற்பயிற்சி, செவிலியர், மனநல உதவியாளர் என எல்லாம் கிடைக்கும், ஆனால் அதற்குப் பள்ளி பெரிதாக இருக்க வேண்டும் என்பது வாதம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட மாட்டேன். சிறிய பள்ளியில் செவிலியர் வாரத்தில் ஓரிரு நாள்தான் இருப்பார். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மற்ற நாட்களில் மூச்சு முட்டினால் அலுவலகப் பணியாளர்தான் ஓடி வர வேண்டும்.

மாவட்டத்தின் கணக்கு

வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து வருகிறது. மாநில அரசு 400 மாணவர்கள் கொண்ட ஒரு மாதிரித் தொடக்கப் பள்ளியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை ஆசிரியர், எத்தனை முதல்வர், எத்தனை அலுவலர் தேவை என்று கணக்கிட்டு நிதி தருகிறது. 200 மாணவர்கள் மட்டுமே உள்ள பள்ளிக்கு அதில் பாதிதான் வரும். ஆனால் அரை முதல்வரை நியமிக்க முடியாது. கூரை ஒழுகினால் பாதிக் கூரையை மட்டும் செப்பனிட முடியாது. இந்த இடைவெளியை மாவட்டம் தன் கையிலிருந்து நிரப்புகிறது.

சியாட்டில் பள்ளிகளில் 2019-20 கல்வியாண்டில் 53,000-க்கும் அதிகமான மாணவர்கள் இருந்தார்கள். கோவிட் வந்த பிறகு எண்ணிக்கை சில ஆயிரம் குறைந்து 50,000-ஐ ஒட்டி நின்றது. பிறப்பு குறைந்தது, வீட்டு வாடகை தாங்காமல் குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறின, பெருந்தொற்றுக் காலத்தில் தனியார் பள்ளிக்கோ வீட்டுக் கல்விக்கோ போனவர்களில் பலர் திரும்பவில்லை. தனியார் பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் விகிதம் சியாட்டிலில் ஏற்கெனவே அமெரிக்கப் பெருநகரங்களில் உயர்ந்த ஒன்று. 2025-26 ஆண்டுக்கான பற்றாக்குறை சுமார் 9.4 கோடி டாலர் என்று நிர்வாகம் சொன்னது. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் 300 மாணவர்கள்கூட இல்லை.

இணைப்பதால் பணம் எங்கிருந்து மிச்சமாகும்? எளிய எண்களை வைத்துப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. மழலை வகுப்பு முதல் 5 வரை 6 நிலைகள் கொண்ட இரண்டு பள்ளிகள். ஒவ்வொன்றிலும் நிலைக்கு 36 குழந்தைகள். 36 பேரை ஒரே அறையில் உட்கார வைக்க முடியாது. ஆகவே 18, 18 எனப் பிரித்து இரண்டு ஆசிரியர்கள். ஒரு பள்ளிக்கு 12 ஆசிரியர்கள், இரண்டுக்கும் சேர்த்து 24. இப்போது இரண்டையும் இணைத்தால் நிலைக்கு 72 குழந்தைகள். 24 பேர் வீதம் மூன்று அறைகள் போதும். மொத்தம் 18 ஆசிரியர்கள். ஆறு ஆசிரியர்களின் சம்பளம் மிச்சம். அதோடு ஒரு முதல்வர், ஒரு அலுவலகம், ஒரு கட்டடத்தின் மின்கட்டணம்.

இந்த உதாரணத்தில் கவனிக்க வேண்டியது, மிச்சத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதை. கட்டடத்தைப் பூட்டியதால் வந்தது சிறிய பங்கு. வகுப்பறையில் 18 பேர் இருந்த இடத்தில் 24 பேர் ஆனதால் வந்ததே பெரிய பங்கு. நிர்வாகத்தின் விளக்கப் படங்களில் இந்த வரி பளிச்சென்று எழுதப்படுவதில்லை. பெற்றோர்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

எதிர்த்தவர்கள் கேட்டவை

சியாட்டில் பெற்றோர்களின் முதல் கேள்வி நேரடியானது. 21 பள்ளிகளை மூடினால் எவ்வளவு மிச்சம்? நிர்வாகத்தின் பதில் 3.15 கோடி டாலர். 17 பள்ளிகள் என்றால் 2.55 கோடி. பள்ளி ஒன்றுக்குச் சராசரியாக 15 லட்சம் டாலர். பற்றாக்குறையோ 9.4 கோடி. நகரின் தொடக்கப் பள்ளிகளில் நான்கில் ஒன்றை இழந்த பிறகும் ஓட்டையில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும். மீதியை எப்படி அடைப்பீர்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் அந்தக் கூட்டங்களில் கிடைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கூர்மையானது. மூடினால் எத்தனை குடும்பங்கள் மாவட்டத்தைவிட்டே போய்விடும்? பணம் மாணவரோடு வருகிறது என்றால் மாணவரோடு போகவும் செய்யும். தெருமுனைப் பள்ளி போய்விட்டால், எப்படியும் காரில் கொண்டுவிட வேண்டியதுதான், தனியார் பள்ளியையே பார்ப்போம் என்று வசதியுள்ள குடும்பம் முடிவு செய்யும். வசதியில்லாத குடும்பம் புதிய இடத்துக்குச் சமாளித்துப் போகும். மூடலால் வரும் மிச்சத்திலிருந்து இந்த இழப்பைக் கழித்துக் காட்டுங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்கள்: விரும்பிச் சேரும் தனித்திட்டப் பள்ளிகள் சிலவற்றில் இடம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடந்தது. சேர்க்கை குறைகிறது என்று வருந்தும் மாவட்டம், கதவைத் தட்டுகிற குழந்தைகளை ஏன் வெளியே நிறுத்தி வைக்கிறது?

மூன்றாவது கேள்வி நகரின் நினைவிலிருந்து வந்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சியாட்டில் இதற்கு முன்பும் பள்ளிகளை மூடியிருக்கிறது. 2007-இல் ஒரு சுற்று, 2009-இல் இன்னொரு சுற்று. அப்போதும் சேர்க்கை குறைவு, பணப் பற்றாக்குறை என்பவைதான் காரணங்கள். ஆனால் அதன் பிறகு நகரில் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின, இளம் குடும்பங்கள் வந்தன, குழந்தைகள் கூடினார்கள். 2007-இல் மூடப்பட்ட வியூலேண்ட்ஸ், ரெய்னியர் வியூ ஆகிய தொடக்கப் பள்ளிகள் 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டன. இடையில் கழிந்தது நான்கே ஆண்டுகள். கலைத்த ஆசிரியர் குழுவைத் திரும்பக் கூட்டவும், பூட்டிய கட்டடத்தைச் சீராக்கவும் ஆன செலவை மாவட்டமே ஏற்றது.

அந்த வியூலேண்ட்ஸ் பள்ளி 2024-இல் மறுபடியும் கதைக்குள் வந்தது. பின்னர் மூடுவதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நார்த் பீச் பள்ளியின் குழந்தைகளை வியூலேண்ட்ஸில்தான் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ஒருகாலத்தில் தேவையில்லை என்று மூடப்பட்ட பள்ளி, இப்போது பக்கத்துப் பள்ளியை உள்வாங்கும் பெரிய பள்ளி. மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணிப்பை எதற்காக நம்ப வேண்டும் என்று பெற்றோர் கேட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வியூலேண்ட்ஸ் எப்படிப் பெரிதாயிற்று? இங்கே பணத்தைப் பற்றி இன்னொரு விவரம் தேவை. அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தில் கட்டடத்துக்கு ஓர் உண்டியல், சம்பளத்துக்கு வேறோர் உண்டியல். ஒன்றில் உள்ளதை எடுத்து மற்றொன்றில் போடப் பொதுவாக முடியாது. கட்டடத்துக்கான பணத்தை வாக்காளர்கள் தனி வரியாக வாக்கெடுப்பில் அனுமதிக்கிறார்கள். 2019-இல் சியாட்டில் வாக்காளர்கள் அப்படி 140 கோடி டாலர் வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அதில் கட்டப்பட்ட புதிய கட்டடங்களில் ஒன்று 2023-இல் திறந்த வியூலேண்ட்ஸ். ஜான் ராஜர்ஸ், மான்ட்லேக் என்ற பள்ளிகளும் அதே வரிப்பணத்தில் பெரிதாகிக்கொண்டிருந்தன. குழந்தைகள் கூடுவார்கள் என்று நினைத்துப் போட்ட கட்டடத் திட்டம் முடியும் நேரத்தில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். புதிய அறைகள் காலியாக இருக்கின்றன, பழைய சிறிய பள்ளிகளை அவற்றுக்குள் நகர்த்துவோம் என்று நிர்வாகம் யோசித்தது இப்படித்தான்.

பணம் அல்லாத கேள்விகளும் இருந்தன. 21 பள்ளிப் பட்டியலில் டாப்ஸ் என்ற பள்ளி இருந்தது. காது கேளாத, கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளுக்கான மாவட்டத்தின் சிறப்புத் திட்டம் நடப்பது அங்கேதான். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் மட்டும் போதாது. சாப்பாட்டு அறைப் பணியாளர் வணக்கம் சொல்லக் கற்றிருக்க வேண்டும், கேட்கும் குழந்தைகளும் விளையாட்டு மைதானத்தில் கையால் பேசப் பழகியிருக்க வேண்டும். அது பல ஆண்டுகளில் தானாக வளர்ந்து வருவது. திட்டத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுவோம் என்ற ஒற்றை வரியால் அதை மாற்றிவிட முடியாது என்று அந்தக் குடும்பங்கள் சொன்னபோது, நிர்வாகத்தின் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இருக்கவில்லை.

சட்டம் தரும் தொண்ணூறு நாட்கள்

வாஷிங்டன் மாநிலச் சட்டம் பள்ளி மூடலுக்கென்று ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. இறுதி முடிவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கூட்டம் போதாது, மூட நினைக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிக் கூட்டம் வேண்டும். மூடலின் விளைவுகளைப் பற்றிய ஆய்வை எழுத்தில் தயாரிக்க வேண்டும். செய்தித்தாளில் தொடர்ந்து இரண்டு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும்.

படிக்கும்போது வெறும் சம்பிரதாயம்போலத் தோன்றும். ஆனால் இந்தச் சட்டத்தால்தான் காலம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில்தான் பெற்றோர் சங்கங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. சியாட்டிலில் ஒரு பள்ளியின் பெற்றோர் எங்கள் பள்ளியை விடுங்கள், அதை மூடுங்கள் என்று சொல்லியிருந்தால் திட்டம் எளிதாக நிறைவேறியிருக்கும். மூடல் சண்டைகளில் வழக்கமாக அப்படித்தான் ஆகும். 21 பெயர்களை ஒரே நேரத்தில் வெளியிட்டதால், நகரின் எல்லாப் பகுதிப் பெற்றோரும் ஒரே நாளில் பாதிக்கப்பட்டார்கள், ஒரே குரலில் பேசினார்கள். செப்டம்பரில் மாவட்டத் தலைமையகத்தின் வாசலில் திரண்ட கூட்டம் எந்தவொரு பள்ளியின் பேரிலும் திரளவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் கண்காணிப்பாளர் ஜோன்ஸ் பெரிய பட்டியல்கள் இரண்டையும் கைவிட்டார். அதிகபட்சம் ஐந்து பள்ளிகள் போதும் என்றார். மாத இறுதியில் நான்கு பெயர்கள் வந்தன: நார்த் பீச், சாகஜவியா, ஸ்டீவன்ஸ், சனிஸ்லோ. இந்த நான்கையும் மூடுவதால் கிடைக்கும் மிச்சம் ஏறத்தாழ 27 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. 9.4 கோடியில் அது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் திட்டத்தின் நியாயம் உடைந்தது என்று நினைக்கிறேன். 21 பள்ளிகளை மூடச் சொன்ன காரணம் பற்றாக்குறை. நான்கை மூடினால் பற்றாக்குறை அசையாது. அப்படியானால் அந்த நான்கு பள்ளிகளின் குழந்தைகளிடம் எதைச் சொல்லி இழப்பைக் கேட்பது? நவம்பர் இறுதியில் ஜோன்ஸும் வாரியத் தலைவரும் திட்டத்தைத் திரும்பப் பெறும் முடிவை அறிவித்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, வெளிப்படையாகப் பேசப்படாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் மாவட்டத்தின் இரண்டு வரிகள் வாக்கெடுப்புக்கு வரவிருந்தன. ஒன்று நடைமுறைச் செலவுக்கு, ஒன்று கட்டடத்துக்கு. வாக்களிக்க வேண்டியவர்கள் இதே பெற்றோர்கள், இவர்களின் அண்டை வீட்டார். திட்டம் திரும்பப் பெறப்பட்ட பின் இரண்டு வரிகளும் நிறைவேறின.

வெற்றிக்குப் பின் நிற்கும் கடன்

பெற்றோர் வென்றதால் மாவட்டத்தின் பிரச்சினை தீரவில்லை. பற்றாக்குறை ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. காலி இருக்கைகள் காலியாகவே இருக்கின்றன. மாநில அரசு பள்ளிகளுக்கு முழுமையாக நிதி தரும் கடமையில் தவறிவிட்டது என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நிதி கூடியது. ஆனால் உள்ளூர் வரியாக மாவட்டங்கள் திரட்டக்கூடிய தொகைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. சிறப்புக் கல்விக்கு ஆகும் உண்மையான செலவுக்கும் மாநிலம் தரும் பணத்துக்கும் இடைவெளி தொடர்ந்தது. இதை எதிர்ப்பாளர்களில் பலர் அறிந்திருந்தார்கள். மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவுக்குப் போய்ப் பணம் கேளுங்கள், நாங்களும் உடன் வருகிறோம் என்றே அவர்கள் நிர்வாகத்திடம் சொன்னார்கள்.

எதிர்ப்பு எல்லா ஊரிலும் வெல்வதில்லை. சியாட்டிலிலிருந்து ஏரியைக் கடந்தால் பெல்வியூ. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர். அந்த மாவட்டம் 2023-இல் மூன்று தொடக்கப் பள்ளிகளை மூட முன்வந்தது. ஆர்ட்மோர் பள்ளி பட்டியலிலிருந்து தப்பியது. வில்பர்டன், ஈஸ்ட்கேட் இரண்டும் மூடப்பட்டன. வில்பர்டன் 2018-இல்தான் புதிதாகத் திறக்கப்பட்ட பள்ளி. பெற்றோரின் கோபம் இங்கேயும் குறைவில்லை. ஆனால் பட்டியல் சிறியது, ஊரின் மற்றப் பள்ளிகளுக்கு ஆபத்து இல்லை. இரண்டு பள்ளிகளின் குரல் இரண்டு பள்ளிகளின் குரலாகவே நின்றது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2022-இல் வாரியம் மூடலுக்கு வாக்களித்தபோது பள்ளிப் பணியாளர்கள் இருவர் உண்ணாநோன்பு இருந்தார்கள். மூடப்பட்ட பார்க்கர் பள்ளிக் கட்டடத்துக்குள் பெற்றோர்களும் ஊர்க்காரர்களும் கோடை முழுவதும் தங்கிக் குழந்தைகளுக்கு அவர்களே வகுப்பு நடத்தினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் வாரியம் மாறியது. புதிய வாரியம் 2023 ஜனவரியில் மிச்சமிருந்த மூடல்களை ரத்து செய்தது. பார்க்கருக்கு அது தாமதமாக வந்த முடிவு.

சிகாகோவில் நடந்ததுதான் இவற்றில் ஆகப் பெரியது. 2013 மே மாதம், மேயர் ராம் இமானுவேல் நியமித்த வாரியம் ஒரே நாளில் 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 12,000 மாணவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினக் குழந்தைகள். ஒரு வகுப்பறைக்கு 30 மாணவர் என்ற சூத்திரத்தை வைத்துக் கட்டடம் நிரம்பியிருக்கிறதா என்று அளந்தார்கள். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் அறைகளில் சட்டப்படியே அவ்வளவு பேரை வைக்க முடியாது என்று பெற்றோர் மன்றாடினார்கள். தெருக் கும்பல்களின் எல்லைகளைக் கடந்து சின்னக் குழந்தைகள் நடக்க வேண்டியிருந்ததால், மஞ்சள் நிற மேற்சட்டை அணிந்த பாதுகாப்புப் பணியாளர்களை வழிநெடுக நிறுத்தினார்கள். அங்கே வாரியம் அப்போது மேயரின் நியமனம், மக்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. பெற்றோர் எதிர்த்தும் வாக்கால் தண்டிக்க அவர்களிடம் வாரிய உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே, அதாவது இன்னும் பழைய பள்ளியில் இருக்கும்போதே, மதிப்பெண்கள் சரிந்தன. கணிதத்தில் அந்தச் சரிவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஏற்றுக்கொண்ட பள்ளிகளில் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன, இரண்டு பள்ளிக் குழந்தைகளுக்கிடையே நாங்கள், நீங்கள் என்ற பிரிவு வந்தது. மூடல் பற்றிய பேச்சுகளில் நல்ல பள்ளிக்குத்தானே போகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த அறிக்கையை நான் எடுத்துக் காட்டுவேன்.

உங்கள் ஊரில் பட்டியல் வந்தால்

அமெரிக்காவில் குழந்தை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனதே இல்லை. குடியுரிமை இல்லையே, நாம் என்ன பேசுவது என்ற தயக்கம் ஒரு காரணம். பொதுக் கருத்து நேரத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. அங்கே தரும் ஓரிரு நிமிடத்தில் எங்கள் பள்ளியை நாங்கள் நேசிக்கிறோம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அதை எல்லோரும் சொல்வார்கள். எண்ணைக் கேட்பவரின் பேச்சுக்குத்தான் பதில் தர வேண்டிய கட்டாயம் உண்டாகிறது.

இந்தப் பள்ளியை மூடுவதால் முதல் ஆண்டில் எவ்வளவு மிச்சம், ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு? பஸ் வசதிக்கும், பொருட்களை இடம் மாற்றுவதற்கும், பூட்டிய கட்டடத்தைக் காப்பதற்கும் ஆகும் செலவு கழிக்கப்பட்டிருக்கிறதா? நூற்றுக்கு ஐந்து குடும்பங்கள் வெளியேறினால் மிச்சம் எவ்வளவு? வகுப்பறை அளவு எத்தனையிலிருந்து எத்தனை ஆகும்? சேர்க்கைக் கணிப்பைச் செய்தவர் யார், அவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொன்ன எண் இன்று எவ்வளவு சரியாக இருக்கிறது? சிறப்புத் திட்டங்கள் எந்தக் கட்டடத்துக்கு, எந்த ஆசிரியர்களோடு போகின்றன? குழந்தை நடக்க வேண்டிய புதிய பாதையில் நெடுஞ்சாலை குறுக்கிடுகிறதா? பூட்டிய கட்டடத்தை விற்பார்களா, வாடகைக்கு விடுவார்களா, குழந்தைகள் திரும்ப வந்தால் திறக்க வைத்திருப்பார்களா?

வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்கள், விளைவுகளைப் பற்றிய எழுத்து ஆய்வைக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டம் அதைத் தயாரித்தாக வேண்டும். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறுபடும். உங்கள் மாநிலச் சட்டத்தில் பள்ளி மூடல் குறித்த பிரிவைத் தேடிப் படித்து, அதிலுள்ள காலக்கெடுவை முதல் வாரத்திலேயே மற்றப் பெற்றோருக்கும் அனுப்பிவிடுங்கள்.